புள்ளி உதிர்ந்த மீன்

கடல் மீனுக்குத் தும்மல் வராது, டாக்டர். வந்தால் என் பிழைப்பு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கடல் மீன்களை விற்பதும், நோய் வந்தால் போய்ப் பார்ப்பதும் என் தொழில். ஒட்டுண்ணி பிடித்த மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கும். இரையை வாயில் வாங்கித் துப்பிவிடும். தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்கு எதிரே போய் நின்று வேகவேகமாக மூச்சு வாங்கும். உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி தெரிவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான்.

என் அக்கா மகள் பாப்பா ஏன் தோல் உரியக் கை கழுவுகிறாள் என்று கேட்டீர்கள். "உன் கையாலதான் மீனெல்லாம் செத்துச்சு" என்று அவளிடம் சொன்னது யார் என்றும் கேட்டீர்கள். சொன்னது அவள் அப்பா. அப்படிச் சொல்ல வைத்தது நான். மறைக்க ஒன்றுமில்லை, வரிசையாகவே சொல்கிறேன்.

அத்தானை மோசமானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன். கட்டிய பெண்டாட்டி மட்டும் கண்ணில் படமாட்டாள். அக்கா போன அன்று மதியம் என் கடையிலிருந்து ஒரு நீல மீன் அவர் வீட்டுக்குப் போயிருந்தது. வந்த மீனை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்க வேண்டும். அவர் வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா சோபாவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, இதோ முடிஞ்சுடும், மீன் பாவம்" என்றாராம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து இறக்கும்போது அக்காவுக்கு உயிர் இல்லை. பாப்பாதான் பிறகு என் மடியில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். "அம்மாவும் மீன் மாதிரியே வாயைத் திறந்து திறந்து மூடினாங்க சித்தி" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அத்தான் அழுததைப் பார்த்தபோது இன்னும் எரிந்தது. மூச்சுக்குத் தவிக்கும் ஓர் உயிரை, ஒன்றும் செய்ய முடியாமல், அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது அவருக்குப் பிடித்த உயிராகவும் இருக்க வேண்டும்.

நோய் மீன்களைப் பிரித்து வைக்க என் கடையில் தனித் தொட்டி உண்டு. அதில் ஒரு மஞ்சள் மீனுக்குப் புள்ளி கண்டிருந்தது. இந்த நோயில் ஒரு சூது இருக்கிறது. சில நாளில் புள்ளியெல்லாம் உதிர்ந்து மீன் பளிச்சென்று ஆகிவிடும். பார்ப்பவர் குணமாகிவிட்டது என்று நினைப்பார். உதிர்ந்தது மணலில் கிடந்து பெருகி, கூட்டமாகத் திரும்பி வரும். மிச்சம் செவுளுக்குள் ஒளிந்திருக்கும். புள்ளி உதிர்ந்ததும் அந்த மீனை அத்தானிடம் கொண்டுபோனேன். "மனசுக்கு ஆறுதலா இருக்கும், வச்சுக்கோங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மற்ற மீன்களுக்குப் புள்ளி வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தேன். வேறு தொட்டிக்கு மாற்றிச் செம்பு மருந்து கலந்திருந்தால் பல மீன்கள் பிழைத்திருக்கும். மாற்றச் சொல்லவில்லை. புள்ளி தானாக உதிர்ந்தது. "பாத்தீங்களா, சரியாயிடுச்சு" என்றேன். அடுத்த சுற்று வந்தபோது நீல மீன் குழாய்க்கு எதிரே நின்று மூச்சு வாங்கியது. அவர் அதன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எல்லா மீனும் போன பிறகும் மனுஷன் வேலைக்குப் போனார், பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டார், அவள் ஏதோ சொன்னதற்குச் சிரிக்கக்கூடச் செய்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. மீனை எடுத்தது போதாது என்று தெரிந்தது.

"அந்த மஞ்சள் மீன்லேர்ந்து வந்திருக்குமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது சுத்தமான மீன் அத்தான். யாராவது சோப்புக் கையை உள்ள விட்டாங்களா? மீன் உடம்புல இருக்கிற வழுவழுப்பு போச்சுன்னா எல்லா நோயும் ஒட்டிக்கும்" என்றேன்.

பாப்பா தொட்டிக்குள் கையை விட்டு இரை கொடுப்பாள். அவளுக்கு அதைப் பழக்கியதே நான்தான். அவர் கூப்பிட்டுக் கேட்டதும் தலையாட்டினாள். பொய் சொல்லத் தெரியாத குழந்தை. அதுவரை அவளை ஒரு சொல் கடிந்ததில்லை அவர். அன்று கத்தினார். நான் அங்கேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

இப்போது அவள் என் வீட்டில் இருக்கிறாள். அப்பா பார்க்க வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். கைக்குத் தினமும் களிம்பு போடுகிறேன், ஆறிவிடும்.

இன்னும் ஒன்று. அத்தான் இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட ஒரு தடவை கேட்டதில்லை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆத்திரம். அக்கா போன அன்று மதியம் வாளிப் பக்கத்திலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"உங்க அக்காவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. மீனை அப்படியே போட்டுட்டுக் கிளம்பிடவா?"

கடையில் கூட்டம். "அவளுக்கு எப்பவும் அப்படித்தான் அத்தான். பாதியில விட்டா மீன் செத்துடும், முடிச்சுட்டே போங்க" என்றேன்.

நான் மீன் விற்கிறவள், டாக்டர். மீனைப் பற்றிக் கேட்டார், மீனைப் பற்றிச் சொன்னேன்.