படகில் எழுந்து நின்றவன்

பொற்கொடி: எழுந்திருக்காதீங்கன்னு மூணு தபா சொன்னேன்.

கண்ணையன்: ரெண்டு தபா. மூணாவது சொல்றப்ப நான் தண்ணிக்குள்ள இருந்தேன்.

பொற்கொடி: தலையைத் தொடைங்க. பூங்காவே பார்த்துச் சிரிக்குது.

கண்ணையன்: சிரிக்கட்டும். கல்யாண நாளும் அதுவுமா பொண்டாட்டியோட படகைக் கவுத்தவன் நெய்வேலில நான் ஒருத்தன்தான்.

பொற்கொடி: எதுக்கு எழுந்தீங்க?

கண்ணையன்: செல்ஃபி...

பொற்கொடி: போன் பாக்கெட்லதான இருந்துச்சு? அங்கயேதான செத்துச்சு?

கண்ணையன்: ...எடுக்கலாம்னுதான் எழுந்தேன்.

பொற்கொடி: சரி. லைஃப் ஜாக்கெட்டு ஏன் போடல?

கண்ணையன்: மைன்ஸ்ல எட்டு மணி நேரம் ஹெல்மெட்டு, பூட்ஸு. லீவு நாள்லயும் ஒண்ணை மாட்டிக்கினா அதுக்குப் பேரு லீவு இல்ல, ஷிஃப்டு.

பொற்கொடி: பாதுகாப்பு வாரத்துல பரிசு வாங்கின ஆளு பேசுற பேச்சா இது?

கண்ணையன்: அது கட்டுரைப் போட்டிம்மா. எழுதறது வேற... என்னை விடு. கவுந்த படகை விடாதீங்க, புடிச்சிக்கினே இருங்கன்னு கத்தினியே. அப்புறம் என் கழுத்தை நெரிச்சியே...

பொற்கொடி: மோவாயைத் தூக்கிப் புடிச்சேன். மூக்கு தண்ணிக்கு மேல இருக்கணும்.

கண்ணையன்: பதினோரு வருஷக் கோவத்தைத் தீர்த்துக்கறேன்னு நெனச்சேன். எங்க கத்துக்கின?

பொற்கொடி: இங்கதான். படகு எடுக்கறவங்களுக்கு இலவசமா பாதுகாப்பு வகுப்பு வச்சாங்க. மூணு சனிக்கிழமை.

கண்ணையன்: சனிக்கிழமை நீ தையல் கிளாஸ் போனே.

பொற்கொடி: ம்...

கண்ணையன்: அதான் என் சட்டைக்கு இன்னும் பட்டன் வரலையா! யாரு வாத்தியாரு?

பொற்கொடி: ராயப்பன் சார்.

கண்ணையன்: அதோ, விசில் மாட்டிக்கினு நிக்கறானே, தொப்பையே இல்லாம... அவனா?

பொற்கொடி: அவரு.

கண்ணையன்: அவராம்ல! கரையேத்தும்போதுகூட உனக்குத்தான் முதல்ல கை குடுத்தான்.

பொற்கொடி: உங்களை நான் புடிச்சிக்கினு இருந்தேன். என்னை இழுத்தாதான நீங்களும் வருவீங்க?

கண்ணையன்: அதுக்கு முன்னாடி? நாம நடுத்தண்ணில இருக்கறப்ப கரையிலேருந்து உனக்குக் கை காட்டினான். நீயும் காட்டினே. யாருக்குக் காட்டுறேன்னு பார்க்கத்தான் நான் எழு...

பொற்கொடி: ஓ. செல்ஃபி இல்லையா?

கண்ணையன்: ...செல்ஃபியும்தான்.

பொற்கொடி: ஐயோ! உங்களை ஜாக்கெட் போடச் சொல்லிச் சைகை பண்ணாருங்க. இவரு கேக்க மாட்டாருன்னு நான் பதில் சைகை பண்ணேன்.

கண்ணையன்: வாயே தொறக்காம பேசிக்கிற அளவுக்கு வந்தாச்சு! வேற என்ன சொல்லிக் குடுத்தான்?

பொற்கொடி: ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. இடம் மாத்தணும்னா கரைக்கு வந்துதான் மாத்தணும். கூட வர்றவங்க ஜாக்கெட் போடலன்னா துடுப்பையே தொடக் கூடாது. அதுல நான் ஃபெயிலு. உங்க பேச்சைக் கேட்டு ஏறிட்டேன்.

கண்ணையன்: வகுப்புல எத்தனை பேரு?

பொற்கொடி: பதினாலு. பொம்பளைங்க நானும் பக்கத்து வூட்டு தாஜ் பீவி அக்காவும்தான்.

கண்ணையன்: பன்னெண்டு ஆம்பளைங்களா! நான் ராயப்பனோட நிறுத்திக்கினேனே...

பொற்கொடி: ஏங்க, பல்லு தந்தி அடிக்குது உங்களுக்கு. வூட்டுக்குப் போலாம்.

கண்ணையன்: இரு. ஜோக்கெல்லாம் போதும். நேரா ஒரு பதில் சொல்லு. என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போற அளவுக்கு அங்க என்ன இருந்துச்சு?

பொற்கொடி: ...உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப தெரியும்னு பீத்திக்கினீங்க. கல்யாணத்தன்னிக்கே உங்க தங்கச்சி சொல்லிட்டா. உங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னு பதினோரு வருஷமா தெரியாத மாதிரியே இருந்தேன். நீங்களும் வருஷா வருஷம் படகு எடுக்காம விடறதில்ல... முங்கினா உங்களைக் கரைக்கு இழுத்தாற ஒருத்தி வேணாமா? அதுக்குத்தான் போனேன்.