சாய்வாக வெட்டிய புல்

கோரையை வெட்ட நகக் கத்தரிதான் சரி. தோட்டக் கத்தரி நசுக்கிவிடும். விரல் நீளத்துக்கு, நுனி சாய்வாக. நீரெலியின் பல் அப்படித்தான் வெட்டும்.

உங்களுக்குத் தெரியாததல்ல, மிஸ் கார்பட். ஐந்து வசந்தமாக நீரெலிக் கணக்கெடுக்க எங்கள் ஓடைக்கு வருகிறீர்கள். எலியை ஒருநாளும் பார்த்ததில்லை. கரையில் புழுக்கைக் குவியலும் சாய்வாக வெட்டிய புல்லும் கிடந்தால் ‘உண்டு’ என்று எழுதிக்கொள்வீர்கள்.

எங்கள் வாசற்கல்லில் குடும்பச் சின்னமாக நீரெலி செதுக்கியவர் என் தாத்தா. மிங்க் என்கிற அந்த நீர்க்கீரி வந்து கடைசி எலிவரை தின்றுவிட்டது. எலியில்லாத ஹெசல்டைன் குடும்பம் என்று நார்ஃபோக் மாவட்டமே பேச நான் விட முடியுமா?

பேரீச்சம்பழத்தோடு வேகவைத்த பசலையைப் பிசைந்து, புழுக்கைபோல உருட்டிக் காயவைத்தேன். அறுபத்தெட்டு வயதில், சமையலறையில் நின்று சீட்டியடித்தேன். நீங்கள் ஒன்றை நசுக்கி முகர்ந்து, “புத்தம் புதுசு, மேஜர். நாத்தமே இல்ல” என்றபோது, நாணலுக்குள் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஓடையின் மேல்கரையில் குடியிருக்கும் வினிஃபிரெட் பாட்டரிலிடம் நிஜ எலிகள் இருந்தன. மே மாதத் தேவாலயச் சந்தையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “என்ன மேஜர், உங்க வீட்டு எலிங்களுக்கு ரொம்பக் கூச்சமோ? எங்களுது என் கால்மாட்டுலயே உக்காந்து ஆப்பிள் திங்குது. உங்களுது கக்கூஸ் போறதுக்கு மட்டும்தான் வருதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே, நீங்கள் என் ஓடையில் விட்டிருந்த மிதவைப் பொறியில் ஒரு மிங்க் சிக்கியது. சினையாக இருந்தது. உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, பொறிக்குக் கம்பளி போர்த்திக் காரில் ஏற்றி, வழியெல்லாம் பாடிக்கொண்டே போய், அவள் கரையில் திறந்துவிட்டேன். அது நீரோடு கீழே வந்தாலும் கவலையில்லை; என் கரையில் தின்ன எதுவுமில்லையே.

ஆகஸ்டில் அவளிடம் ஓர் எலிகூட மிஞ்சவில்லை. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் அழுதாள். “உங்களுதாவது இருக்கே, மேஜர். ரெண்டு ஜோடி குடுங்க. உங்க குடும்பத்துப் பேரச் சொல்லி வளக்குறேன்.”

தருகிறேன் என்றேன். கேட்டவருக்கு இல்லையென்று சொன்ன வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அவற்றைப் பிடிக்கத்தான் நீங்கள் பத்துக் கூண்டு வைத்தீர்கள். மூன்று நாளாகக் கூண்டு காலி, ஆப்பிள் மட்டும் குறைகிறது என்று வியந்தீர்கள். ஆப்பிளைத் தின்றது நான். ஓரமாக, சின்னச் சின்னதாகக் கடித்தேன்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? வினிஃபிரெட் கவலைப்பட வேண்டாம். அடுத்த வசந்தத்தில் அவள் கரையிலும் ‘உண்டு’ என்று நீங்களே எழுதுவீர்கள். அடுப்பில் பசலை வேகிறது. ஹெசல்டைன்கள் கொடுத்த வாக்கு தவறியதில்லை.