அரசமரத்தை யார் சுற்றுவது

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"எனக்கு ஒரு குறையும் இல்லையாம். உங்க விந்தணுதான் நீந்த மாட்டேங்குதாம்."

சீட்டுக் கொடுத்த நடத்துநர் அங்கேயே நின்றுவிட்டார்.

"மெதுவாப் பேசு. சர்டுயின்னு ஏதோ புரதமாம், அதுதான் அணுவுக்குத் தெம்பு குடுக்குமாம். அது கொறஞ்சாலும் இப்படி ஆகுமாம்."

"அதுக்கு டாக்டர் என்ன பண்ணச் சொன்னாரு?"

"பொகையிலைய விடணும். தெனம் நடக்கணும்."

"ஆறு வருஷமா உங்கம்மா பேச்சைக் கேட்டு, ஈரப் பொடவையோட அரசமரத்தச் சுத்துனது யாரு?"

"நீதான்."

"நாளையிலேருந்து ஈர வேட்டியோட நீங்க சுத்துங்க. நடந்த மாதிரியும் ஆச்சு. எத்தனை சுத்துன்னு அத்தை எண்ணட்டும். இத்தனை நாளா என்னை எண்ணுனவங்கதானே!"