நாலு மணிக்கு ஒரு துண்டு

வேணாம்மா, அதப் பிரிக்காத. எனக்கு சுகரு. போன மாசம் பாத்ததுல முந்நூத்தி இருபது. அப்டியே மேஜ மேல வெச்சிடு. உங்கம்மாவே எழுதி வெச்சிருந்தாங்களா, தனத்துக்குக் குடுன்னு? எம்பேரப் போட்டா? இல்ல கண்ணு, ஒண்ணுமில்ல. ரோடு போடறேன்னு ஒரு வாரமா வாசல்ல ஜல்லியக் கொட்டி வெச்சிருக்கான். தூசி கண்ணுல வுழுது.

உக்காரு கவி. கார் மூணு மணிக்குதான? இன்னும் அர மணி இருக்குது. அம்மா இங்க வுட்டுட்டுப் போன பெட்டி, பொடவ, அந்த சாம்பக் கலரு சால்வ, எல்லாம் மாடியிலேந்து எறக்கியாச்சி. இந்த சில்வர் டப்பா மட்டும் எங்கிட்ட இருந்துது. பாரு, மூடியில சந்திரகலான்னு பேர் வெட்டியிருக்குது. கல்யாணத்துக்குப் போளூர்ல அவங்க அத்த குடுத்ததாம். லண்டன் வரைக்கும் போயிட்டு வந்து, ஒரு வருஷமா என் அலமாரியில கெடக்குது. இதக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிடுவேன். கார் வர்றதுக்குள்ள சொல்லிடுவேன். நான் பேசறது புரியுதில்ல? வேகமா போனா கையக் காட்டு.

நீ கொண்டாந்த சாக்லேட்டுதான் எதுத்தாப்ல கஸ்தூரி கடையிலயும் தொங்குது. அதே பேரு, அதே ஊதா பேப்பரு. ரெண்டையும் தின்னு பாத்திருக்கியா நீ? பாத்திருக்கியா! வேற மாதிரி இருக்குதா? ஆமாமா. இது தித்திப்பு ஜாஸ்தி. சும்மா கடகடன்னு கடிபடும். உங்க ஊருது அப்டி இல்ல.

இருவது வருஷமா ஆசிரமத்துக்கு வர்றவங்களுக்கு ரூமு வுடறேன். போன மாசிக்கு ஒரு ஜெர்மனிக்காரம்மா வந்திருந்தாங்க. கஸ்தூரி கடையில வாங்கி ஒரு கடி கடிச்சாங்க. பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பால இன்னொரு கடி. அப்பால சிரிச்சிட்டாங்க. பேரு இதுதான், சாக்லேட்டு இது இல்லன்னாங்க. பக்கத்து ரூம்ல ஆஸ்திரேலியாவுலேந்து வந்த பொண்ணு, எங்க ஊர்ல இன்னும் வேறன்னிச்சி. ஊருக்கு ஊரு பாலு வேறயாம், சக்கர வேறயாம். நம்ம ஊருக்குச் செய்யறது வெயில்ல ஒழுகாம நிக்கணுமாம். சித்திர வெயில்ல செங்கம் ரோட்ல தொங்கணும் இல்ல? எனக்கு அதெல்லாம் அன்னிக்குதான் தெரியும். பேரு ஒண்ணா இருந்தா சரக்கும் ஒண்ணுன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன். துணி சோப்பு வாங்கறோம், எந்த ஊர்ல வாங்குனா இன்னா?

உங்கம்மா வந்தப்ப மார்கழி பொறந்து மூணு நாளு. கேன்சர் ஊசி போட்டு தலையில முடி இல்ல, குல்லா போட்டுக்கினு வந்தாங்க. மொத நாளு வெண்பொங்கல் பண்ணிக் குடுத்தேன். ஒரு வாய் வெச்சிட்டு, மன்னிச்சிக்கோ தனம், எத வாயில போட்டாலும் தகரத்த நக்கற மாதிரி இருக்குதுன்னாங்க. பொங்கலு, மோரு, தண்ணி, எல்லாம் தகரம். ஒண்ணே ஒண்ணு மட்டும் முன்ன மாதிரியே ருசிக்குதுன்னு சொல்லி பையத் தொறந்து காட்டுனாங்க. உங்க ஊரு சாக்லேட்டு, எட்டுக் கட்டி. எல்லாத்தையும் துண்டு துண்டா ஒடச்சி, இதோ இந்த டப்பாவுல அடுக்கி, என் ஃப்ரிட்ஜுல வெச்சாங்க. மாடியில ஃப்ரிட்ஜு ஏது.

தெனம் நாலு மணிக்கு மெதுவா படி எறங்கி வருவாங்க. ஒரே ஒரு துண்டு. கண்ண மூடிக்குவாங்க. மல இருக்கற பக்கம் ஜன்னல் இருக்குது இல்ல, அங்கதான் உக்காருவாங்க. அந்த அஞ்சு நிமிஷம் அவங்க மொகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாரு. நாளைக்கு நாலு மணின்னு ஒண்ணு இருக்குது தனம், அதுக்கோசரம் ராத்திரி தூங்கறேன்னு சொல்வாங்க.

மொத நாளே எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. வேணாம்னேன். ஒண்ணுல இன்னா ஆயிடும்னாங்க. வாய மூடறதுக்குள்ள அது கரஞ்சி போச்சி. கரஞ்சிப் போயும் போகல. சாயந்திரம் வெளக்கு ஏத்தறேன், அந்த ருசி இன்னும் தொண்டையில இருக்குது.

என் மருமக கலெக்டர் ஆபீஸ்ல வேல செய்யறா. என் சுகருக்குப் பயந்துக்கினு வெல்லத்தக் கூட எங்க ஒளிச்சி வெக்கறான்னு எனக்கே தெரியாது. ஆனா அடுத்தவங்க டப்பாவ அவ தொட மாட்டா. மத்தியானம் ரெண்டு மணிக்கு அவ ஆபீஸ்ல, உங்கம்மா மாடியில தூக்கம். நான் ஃப்ரிட்ஜத் தொறந்து, நின்னுக்கினே, ஒரு துண்டு. மறுநாளு ரெண்டு. அறுபத்தேழு வயசும்மா எனக்கு. பேரன் காலேஜ் படிக்கறான். முந்தானையில வாயத் தொடச்சிக்கினு, கதவ சத்தம் வராம சாத்துவேன்.

சிரிக்கற நீ. கேட்டிருந்தா அம்மாவே குடுத்திருப்பாங்கன்ற. குடுத்திருப்பாங்க. அதனாலதான் கேக்கல. கேட்டா அவங்களுக்கு ஒரு நாளு கொறையும் இல்ல? கேக்காம தின்னா மட்டும் கொறையாதுன்னு நெனச்சேன் போல. திருடறவளுக்குக் கணக்கு அப்டிதான் வரும்.

பொங்கல் கழிச்சி ரெண்டாம் நாளு. நாலு மணிக்கு வந்து உக்காந்தாங்க. நான்தான் டப்பாவ எடுத்து நீட்டுனேன். ஒரு துண்டு நாக்குல வெச்சாங்க. கண்ண மூடல. என்னப் பாத்தாங்க. இன்னொரு துண்டு எடுத்தாங்க, அத மென்னு பாத்தாங்க. அப்பால டப்பாவ மூடி எங்கிட்டயே குடுத்துட்டாங்க. இதுவும் போயிடுச்சி தனம்னாங்க. அவ்ளோதான். அழல. எந்திரிச்சி மேல போயிட்டாங்க. பத்து நாளு முன்னாடியே டிக்கெட்ட மாத்திக்கினு கெளம்பிட்டாங்க. ஆட்டோவுல ஏறும்போது எங்கையப் புடிச்சி, கவிக்கு இது தெரிய வேணாம், அந்த ஊசி போட்டுக்கோன்னு அவதான் அழுது கெஞ்சுனா, அதுதான் நாக்கக் கொன்னுடுச்சின்னு நெனச்சிக்குவா, அப்டின்னாங்க.

இன்னா? உனக்குத் தெரியுமா? உங்கிட்டயும் சொல்லிட்டாங்களா?

மிச்ச ஊசி வேணாம்னு சொன்னப்பவா. நாக்கே செத்துப்போச்சி, ஒடம்ப வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னாங்களா? எத்தினி ஊசி மிச்சம்? மூணா.

அழாத கவி. இப்டி வா, எம்பக்கம் உக்காரு. இத்தினி நாளா நான்தான் எங்கம்மாவக் கொன்னேன்னு நெனச்சிக்கினா இருக்க? யாருகிட்டயும் சொல்லாமயா? ஐயோ, எங்கண்ணு. அந்த மூணு ஊசியும் போட்டிருந்தா பொழைச்சிருப்பாங்களா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாதுன்றியே. ஆனா அந்த ஊசி ஒண்ணும் பண்ணலம்மா. ஒண்ணும் பண்ணல. எனக்கெப்டித் தெரியும்னா, தெரியும்.

ஊருக்குப் போனப்பறம் உங்கம்மா மூணு வாட்டி எனக்கு ஃபோன் பண்ணாங்க. வீடியோவுல. தடவைக்குத் தடவ எளச்சிக்கினே வந்தாங்க. இன்னிக்கு சொல்லிடணும்னு தொண்ட வரைக்கும் வரும். அப்பறம் பாத்தா, மழ பெஞ்சிதா தனம்னு கேப்பாங்க, நானும் மழயப் பத்தியே பேசிட்டு வெச்சிடுவேன். சொன்னா என்னப் பத்தி இன்னா நெனப்பாங்கன்னு பாத்தேனே ஒழிய, சொல்லாட்டி அவங்க தன்னப் பத்தி இன்னா நெனச்சிக்கினு கெடப்பாங்கன்னு பாக்கல.

இன்னா கேட்ட? தெனம் நான் அத்தினி தின்னா டப்பா காலியாயிருக்கணுமேன்றியா?

ஆயிடுச்சி. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மத்தியானமே ஆயிடுச்சி. கடைசித் துண்டும் நான்தான். நாலு மணிக்கு அவங்க வருவாங்களே. ஓடிப்போயி கஸ்தூரி கடையில ரெண்டு கட்டி வாங்கியாந்து, ஒடச்சி, அதே மாதிரி அடுக்கி வெச்சேன். பேரு ஒண்ணுதான, கலரு ஒண்ணுதானன்னு. அன்னிக்கு அவங்க கீழ வரல, பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க கீழ கூட்டமா இருக்குதுன்னு மாடியிலயே படுத்துட்டாங்க. மறுநாளுதான் வந்தாங்க.

அந்த ஜெர்மனிக்காரம்மாவுக்கு நல்ல ஒடம்பு, நல்ல நாக்கு. ரெண்டு கடி ஆச்சி கண்டுபுடிக்க. உங்கம்மாவுக்கு நாக்குல வெச்சதுமே தெரிஞ்சிடுச்சி. அப்டி இருந்துதும்மா உங்கம்மா நாக்கு.

இந்தா, டப்பாவ வாங்கிக்க. கழுவித்தான் வெச்சிருக்கேன்.