முன்கண்ணாடியின் இடது கீழ் மூலை

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது ஐம்பத்தேழு. மேற்படி முகவரியில் கீழே பட்டறையும் மேலே வீடுமாக மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். பழைய கார்களைப் பிரித்து, துரு எடுத்து, பழையபடி ஓட வைக்கும் தொழிலை முப்பத்தொரு வருடமாகச் செய்து வருகிறேன். தொழில் வட்டாரத்தில் 'பாலிஷ்காரர்' என்று சொன்னால்தான் என்னைத் தெரியும். கடந்த ஞாயிற்றுக்கிழமை என் சகலைக்குக் கண்ணில் அடிபட்டது சம்பந்தமாக மருத்துவமனையில் காவலர் விசாரித்தபோது, கை தவறிவிட்டது என்று சொன்னேன். அதை மாற்றிச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். யாரும் மிரட்டிக் கூட்டி வரவில்லை.

சகலை என்பவர் என் மனைவியின் தங்கை கணவர். வயது நாற்பத்தொன்பது. மருந்துக் கடை வைத்திருக்கிறார். என்னிடம் உள்ள அதே மாடல், அதே வருடத்து வண்டி ஒன்றை ஏழு வருடத்துக்கு முன்பு அவரும் வாங்கினார். நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியாத ஆள், ஒரு மாதத்தில் அலுத்துப்போய் என் பட்டறைக்கே தள்ளிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அவர் தள்ளவில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் மாத்திரை டப்பாவில் போட்டு, எந்த இடத்துத் திருகாணி என்று சீட்டு எழுதி ஒட்டி அடுக்கினார். "சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னும் எழுதிடு தம்பி" என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்போது இந்த மாடலுக்கு உதிரிபாகங்கள் சல்லிசாகக் கிடைத்தன. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் எடை போட்டுக் கொடுப்பார்கள். சகலை மாதம் ஒன்றாக வாங்கிப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவந்தார். கம்பெனி முத்திரையோடு, ஒரு கீறல்கூட இல்லாத முன்கண்ணாடியும் அப்படி வாங்கியதுதான். "அண்ணே, அங்க ரெண்டு இருக்கு, ஒண்ணு நீங்க எடுத்துக்குங்க" என்று எனக்கும் சொன்னார். கண்ணாடி என்ன ஓடியா போகப்போகிறது என்று நான் விட்டுவிட்டேன். ஓடியது விலை. வெளியூர்க்காரர்கள் போனில் படம் பார்த்தே பணம் அனுப்பி அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். முன்பு ஒரு ஜோடி விளக்கு வாங்கிய விலைக்கு இப்போது விளக்கைச் சுற்றியுள்ள வளையம்தான் வந்தது. சும்மா சுருட்டிக் கொடுத்த கண்ணாடி ரப்பரை அடிக்கணக்கில் அளந்து விற்றார்கள். கடைசியாக நான் முன்கண்ணாடிக்கு விலை கேட்டபோது உதிரிபாகக் கடைக்காரர் சொன்னது என் பட்டறையின் நான்கு மாத வருமானம். அதன் பிறகு உள்ளூரில் வெட்டிய கண்ணாடியை என் வண்டிக்குப் போட்டேன். அதன் வழியாகப் பார்த்தால் ரோடு நெளியும். முப்பத்தொரு வருடத் தொழில்காரன் வண்டியில் ரோடு நெளிகிறது, மருந்துக் கடைக்காரர் கட்டிலுக்கு அடியில் அசல் கண்ணாடி தூங்குகிறது. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அதன் பிறகு போன மாதம் சகலையும் அவர் வண்டியும் இருக்கும் படம் ஒரு பத்திரிகையில் வந்தது. அதில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. என் பெயரைச் சொன்னதாகவும், எழுதியவர் விட்டுவிட்டதாகவும் சகலை நாலு தடவை சொன்னார். என் மனைவி அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "என் தங்கச்சி வீட்டுக்காரர்தானே, ஒட்டினா என்ன குறைஞ்சிடும்?" என்றாள். அந்தக் கதவைத் திறக்கப் பிடிக்காமல் ஒரு வாரம் நான் பானைத் தண்ணீர் குடித்தேன்.

அதன் பிறகு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சகலை போன் செய்து, "அந்த அசல் கண்ணாடியைப் போடணும்ணே. உங்க கை இல்லாம நான் தொட மாட்டேன்" என்றார். பத்து மணிக்கு அவர் வீட்டு ஷெட்டுக்குப் போனேன்.

கண்ணாடி பொருத்தும் முறை என்ன என்று கேட்டதற்குக் கூறுவதாவது: கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அந்த ரப்பரின் காடிப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி வண்டியின் சட்டத்தில் வைக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அப்போது ரப்பர் தகரத்தின் மேல் ஏறி உட்காரும். கண்ணாடியின் விளிம்பு தகரத்தில் முட்டுகிறதா என்பது வெளியே நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே அவர் சொல்லாமல் உள்ளே இருப்பவர் இழுக்கக் கூடாது. இந்த வகைக் கண்ணாடி நடுவில் குத்தினால் தாங்கும். விளிம்பில் தகரம் முட்டியிருக்கும்போது அழுத்தினால் பொடிப்பொடியாகச் சிதறும். இது எனக்குத் தெரியும், சகலைக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்று பக்கம் சரியாக உட்கார்ந்தது. இடது கீழ் மூலைக்கு வந்தபோது ரப்பர் சுருண்டுகொண்டு, பழைய வெல்டிங் கட்டி ஒன்றின் மேல் கண்ணாடியின் விளிம்பு முட்டி நின்றது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகலை பல்லுக்கிடையில் நாக்கைக் கடித்துக்கொண்டு, கயிற்றை இரண்டு விரலால் பிடித்திருந்தார். அந்தக் கண்ணாடி வழியாக அவர் முகம் துளியும் நெளியவில்லை. "இழுக்கலாமாண்ணே?" என்று கேட்டார். இது உடைந்தால் இரண்டு வண்டியும் ஒரே தரமாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நான் பதில் சொல்லாததால் அந்த மூலையைப் பார்க்க அவர் குனிந்தார். அதன் பிறகு நான் "இழு தம்பி" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கையாலும் அந்த மூலையையே அழுத்தினேன்.

கண்ணாடி சிதறியது. சகலை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். என் கையில் ஒரு கீறலும் இல்லை. அதன் பிறகு என் வண்டியிலேயே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். இடது கண்ணில் இனி பார்வை வராது என்று மறுநாள் மருத்துவர் சொன்னார்.

கேட்டதற்குச் சொல்கிறேன். கண்ணாடி உடைய வேண்டும் என்று நினைத்தேன். கண் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர் குனிந்ததைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன்.

சகலையோ, நான் சொல்வதற்கு முன்பே அவசரப்பட்டு இழுத்துவிட்டதாகவும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்றும் காவலரிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு என் மனைவி, "எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்க" என்று அழுதாள். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பேரையும் அவரே தட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஆகவே நான் மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுத வேண்டாம் என்று எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன்.

நேற்று மாலை நான்கு மணிக்கு வார்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "ஏன் தம்பி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். அவர் கட்டுப் போட்ட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அக்காவும் தங்கச்சியும் பேசாம போயிடக் கூடாதுல்ல" என்றார். நான் எழுந்தேன். கதவருகே போனபோது அவர் சொன்னது இது: "அசல் கண்ணாடிண்ணே. நீங்க அந்த மூலையைப் பாத்ததும் தெரிஞ்சுது, அப்புறம் சிரிச்சதும் தெரிஞ்சுது."

நான் சிரித்தது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதால் அதையும் எழுதச் சொன்னேன். மற்றபடி இதில் உள்ள யாவும் நான் கண்டதும் செய்ததும்தான் என்று, படிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட்டுள்ளேன்.

(ஒப்பம்)