பதின்மூன்று ஆண்டுகள் காதுகொடுத்த கமறியா ராத்தாவுக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த ஜனாபா கமறியா மீராசாஹிப் அவர்களே!

கற்பிட்டிக் கரையில் கலங்கி நின்றோரின் குரலைக் காதாரக் கேட்டவரே, பெயர் சொல்லாமல் பேசியோருக்கும் பிரியமான ராத்தாவாய், அக்காவாய் வாழ்ந்தவரே, பள்ளிவாசல்துறைத் ‘துணைக்குரல்’ தொலைபேசிச் சேவையின் முதற் பணியாளரே! ஓய்வுபெறும் தங்களை வாழ்த்த இன்று கூடியிருக்கிறோம். நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆதலால், வேறு யாருடையதோ கதையைப்போல இதைச் சபையோருக்குச் சொல்கிறோம். தாங்கள் கதிரையில் அமர்ந்திருந்தால் போதும்.

சபையோரே, 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையோடு இக்கரைக்கு வந்த குடும்பங்களுள் கமறியாவின் குடும்பமும் ஒன்று. அகதி முகாமில் பாலர் வகுப்பு நடத்தினார். கிணற்றடிச் சண்டைகளுக்கு நியாயம் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இறங்குமுன்னே அவருடைய மகளுக்கு மாப்பிள்ளையும் பார்த்துக் கொடுத்தார். பேச்சில் அவருக்கு அப்படியொரு பிரியம். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், வாழ்வு வெறுத்துப்போனோர் அழைத்துப் பேசவென இச்சேவை தொடங்கியது. அதற்குக் கமறியா தெரிவானபோது கணவர் மீராசாஹிப் சிரித்தாராம்.

“இவவுக்குக் கதைக்கச் சம்பளம் குடுத்தாச் சரி. கேக்கிறதுக்கா குடுக்கிறாங்க?”

அந்தப் பகிடி முதல் வாரத்திலேயே பலித்துவிட்டது. ஒரு பெண் அழைத்து, “எனக்கு ஏலாது” என்று மட்டும் சொன்னார். கமறியா விடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார், பொறுமை காக்கச் சொன்னார், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் சொன்னார், தாம் முகாமில் பட்ட பாட்டையும் சொன்னார். பத்து நிமிடத்தின் பின் பார்த்தால், மறுமுனையில் ஆள் இல்லை.

அந்தப் பழைய தொலைபேசியில் அழைத்தவரின் இலக்கம் தெரியாது. கமறியா பயிற்சிக் கொப்பியைத் திறந்தார். ‘முதலில் கேட்க வேண்டும்’ என்று முதற் பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பெண் என்னவானாரோ என்ற பதைப்பில் மூன்று நாள் அவர் மேசையை விட்டு அசையவில்லை. மீராசாஹிப் பகிடியை விட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலோடு வந்து போனார்.

நான்காம் நாள் முற்பகல் அதே குரல் வந்தது.

“அண்டைக்கு நீங்கதான் கதைச்சீங்க ராத்தா. இண்டைக்கு நான் கதைக்கட்டா?”

“கதைங்க மகள். நான் இரிக்கன்.”

அதன்பின் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கமறியா பேசியது “ஓம்” என்ற ஒரே சொல்லைத்தான். மாம்புரியில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று நான்கு மாதமான பெண் அவர். உறக்கம் போய், பசி போய், எல்லோருக்கும் தான் ஒரு பாரம் என்ற எண்ணம் இரவும் பகலும் அரித்துக்கொண்டிருந்தது. வீட்டிலோ, உடம்பு தேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். அவர் சொல்லி ஓய்ந்ததும் கமறியா ஒன்றைக் கேட்டார்.

“நேராக் கேக்கிறன், கோவிக்காதீங்க. உயிரோட இரிக்க வேணாமெண்டு நெனப்பு வருதா?”

“ஓம்” என்றார் அந்தப் பெண். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவையாம். சொல்லி அழுது முடிக்கும்வரை கமறியா காத்திருந்தார். பிறகு வீட்டில் நம்பிக்கையான ஆள் யாரென்று கேட்டு, மதினியைப் பேசவைத்து, அந்தப் பெண்ணைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலை மூவரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போனார்கள். தேறி வர ஏழெட்டு மாதம் பிடித்தது. ஆனாலும் தேறினார்.

அவர்தான் எங்கள் சுல்பா. சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால்தான் சொல்கிறோம். அடுத்த ஆண்டு அவர் தொண்டராகச் சேர்ந்து, சேவையின் இலக்கத்தைப் படகுகளில் எழுதலாம் என்று யோசனை சொன்னார். சுல்பாவின் கணவருடைய படகில் தொடங்கி உடப்புவரை பதினேழு படகுகளில் எழுதினார்கள். விளைவு, சிலாபத்திலிருந்துகூட ஆட்கள் அழைத்துப் படகு என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார்கள்! ‘விற்பனைக்கல்ல’ என்றும் சேர்த்து எழுதுவோம் என்றோம். கமறியா சம்மதிக்கவில்லை. விலை கேட்டாவது அழைக்கட்டும் என்றார். படகு விற்பதற்கில்லை என்று சொன்ன கையோடு, தமிழிலோ சிங்களத்திலோ, “நீங்க எப்படி இரிக்கீங்க?” என்று எல்லோரையும் கேட்பார். அப்படிக் கேட்கப்பட்ட ஒருவர், தன்னை யாரும் அப்படிக் கேட்டு வருடக்கணக்காகிறது என்று சொல்லி, நாற்பது நிமிடம் பேசினார். அடுத்த வாரமும் அழைத்தார். படகைப் பற்றிக் கேட்கவேயில்லை.

ராத்தா அவர்களே, இனித் தங்களிடமே பேசுகிறோம்.

பிரியாவிடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, சேலையும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம், ‘லைன் பிஸி’ என்று யாரும் திரும்பிப் போகாதிருக்க இரண்டாவது தொலைபேசி ஒன்று வேண்டும் என்றீர்கள். நேற்று அதைப் பொருத்திவிட்டோம். தங்களுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தோம்.

தங்கள் கால்வலி தணியட்டும். கண் நிறைந்த உறக்கம் கிட்டட்டும். மீராசாஹிப் நானாவோடும் மக்கள் மருமக்களோடும் இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறையாத சுகத்தையும் தந்தருளட்டும்.

இன்று காலை பத்தரைக்கு, நாங்கள் இங்கே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் புதிய தொலைபேசி முதன்முதலாக ஒலித்தது. சுல்பா எடுத்தார். வெகுநேரம் கேட்டார். அழைத்தவர் இப்போது தன் தம்பியோடு இருக்கிறார். இதற்கு மேல் தங்களுக்கும் சொல்லமாட்டோம். எங்களைத் தாங்கள் பழக்கியது அப்படி.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
‘துணைக்குரல்’ பணியாளர்களும் தொண்டர்களும்,
பள்ளிவாசல்துறை.
2024