மோதிரத்தில் வெள்ளைப் புள்ளி

சுபைறாவின் மோதிரத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளியைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை, ஐயா. சுபைறா என் மனைவி. மோதிரம் நல்ல பொன். விரல் பருத்துவிட்டதால் கழற்ற வராது. புள்ளியைச் சுண்ணாம்பு என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை.

நான் கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் அது பாதரசம் என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. வைத்தியர்கள் சூதம் என்பார்கள், தட்டார் ரசம் என்பார்கள். பொன்னைத் தொட்டதும் அதனுள் ஊறி வெள்ளையாக்கிவிடும். ஆனால் அது என் வீட்டுக்குள் எப்படி வந்தது?

ஒன்றைக் கவனித்தேன். செவ்வாய்க்கிழமைகளில்தான் புதுப் புள்ளி விழுகிறது. செவ்வாயில் எனக்கு எட்டாம் வகுப்பு. உள்ளங்கையில் பாதரசத்தை ஊற்றி உருட்டிக் காட்டுவேன். பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். தோலில் அது ஒட்டாது, உதறினால் கை சுத்தம். ஆக, நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் யாரோ வீட்டுக்கு வருகிறார்கள்.

எங்கள் மார்க்கத்தில் ஆண்கள் பொன் அணிவதில்லை. என் கையில் எதுவும் வெளுக்க வழியில்லை, பார்த்தீர்களா?

பாதரசம் புழங்குகிறவர் தட்டார் புண்ணியமூர்த்தி. பொன்முலாம் பூச அவருக்கு அது வேண்டும். சுபைறாவின் காப்புக்குப் பூட்டு வைத்தவரும் அவர்தான். புதன் காலை அவருடைய பட்டறைக்குப் போய்ப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன்.

“ரசம் பட்டிரிக்கு சேர். சுட்டாப் போயிரும்.”

“எப்படிப் பட்டிச்சு?”

“அத என்னட்டயா கேக்கிற? ரசம் புடிக்கிற கை ஆருட கை எண்டு வீட்ட போய்ப் பாருங்க,” என்று சிரித்தார்.

என் முகத்துக்கு நேரே அப்படிச் சிரித்தது பிழை. பக்கத்தில் சுத்தியல் கிடந்தது. பிடியின் நுனியில் பிடித்தால் தலை அதிக வேகத்தில் இறங்கும். இது எட்டாம் வகுப்புப் பாடம். மூன்று முறை அடித்தேன். முதலாவதே போதுமாக இருந்தது.

வீட்டில் சுபைறா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுத்தியலைக் கண்டதும் சுளகு கைநழுவியது. செவ்வாயில் யார் வருவது என்று அமைதியாகத்தான் கேட்டேன்.

“அல்லாட காவல்! ஆரும் வாறல்ல. ஸ்கூல் விட்டு வந்து நீங்கதானே என்ட கையப் புடிச்சிட்டு இரிக்கிற? இந்த விரலத்தானே தடவிட்டு இரிக்கிற?”

பயந்தவர்கள் சம்பந்தமில்லாததைக் கதைப்பார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. அவளை ஒரு முறைதான் அடித்தேன். அவளிடம் எனக்கு அன்பு இருந்தது.

புள்ளி மட்டும் மிச்சம். அதோடு அவளை அடக்கம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, அவளுடைய கையைச் சுவாலைக்கு மேலே பிடித்தேன். மூச்சு இன்னும் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை, வேலை பாதியில் நிற்கக் கூடாது.

தட்டார் சொன்னது சரிதான், ஐயா. சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடுகிறது, பொன் அப்படியே மிஞ்சுகிறது. நீங்களே பாருங்கள், புள்ளி இல்லை.